வேரா மேடம் சொன்னதும் நான் எழுதியதும்

வாய் நிறையக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, தரையில் முழங்காலிட்டு, ஒரு துரைசானியின் கவுன் ஓரத்தை மடித்துக் குத்திக்கொண்டிருந்தார் வேரா மேடம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடி அது. மணி பன்னிரண்டு இருக்கும். ஓட்டுக் கூரை வழியாக இறங்கிய வெக்கை மண்டையைப் பிளந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த எனக்கு ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

மேடம் திடீரென்று ஊசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு இரண்டு தோள்களையும் தேய்த்துக்கொண்டார்.

“டு மீ இஸ் கோல்ட்” என்றார்.

துரைசானி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “உனக்குக் குளிரா? இந்த ஊரிலா? யார் அனுப்பி வைத்தார்கள், பார்சலில் வந்ததா?” என்று கேட்டாள்.

மேடம் மறுபடி கவுன் ஓரத்தைப் பிடித்தார். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், “இதுல என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். நல்லவேளை, அவளுக்குப் புரியவில்லை.

மேடம் பேசியது ஓட்டை ஆங்கிலம்தான். ஆனால் அதை அப்படியே தமிழில் எழுதிப் பாருங்கள். ‘எனக்குக் குளிருது.’ இதில் ஓட்டை எங்கே இருக்கிறது? வெள்ளைக்காரர்களுக்குக் கோணலாகக் கேட்ட அவருடைய பேச்சு முழுவதும் என் காதில் நேராகத்தான் விழுந்தது. அதனால்தான் அவருடைய கடிதங்களை எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் அதைக் கெடுத்தும் வைத்தேன்.

போன வாரம் இந்தப் பத்தியைக் குழாயடிச் சண்டையோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, ‘நீங்கள் எந்த வேலையைத்தான் உருப்படியாகச் செய்தீர்கள்?’ என்று கிள்ளானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, உருப்படியாகக் கெடுத்த வேலை ஒன்று இருக்கிறது. இந்த வாரம் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உட்கார வராதவள்

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் முத்து, கிள்ளான் லயனில் ஓடும் எஞ்சினுக்குக் கரி போடும் பயர்மேன். அதிகாலையில் போனால் கரி பூசிய முகத்தோடு மாலையில்தான் வருவார். நானோ வீட்டில் கால் தரிக்காதவள். சோறு கொதிக்கும்போதே நாலு வாசல் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

“ஏன்டி மரகதம், உன் கால்ல சக்கரம் கட்டியா பெத்தாங்க?” என்பாள் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா.

கன்னியாஸ்திரீகள் பள்ளியில் ஏழு வகுப்பு படித்திருந்தேன். தமிழும் ஆங்கிலமும் எழுதுவேன். குவாட்டர்ஸ் பெண்களுக்கு ஊருக்கு எழுதும் கடிதமெல்லாம் என் கையால்தான். காஜாங், செமினி பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் அக்கா தங்கைகளுக்குக்கூட என்னிடம் வந்து எழுதிக்கொண்டு போவார்கள்.

தொழிலெல்லாம் மந்தமான அந்த வருஷங்களில்தான் ரஷ்யாக்காரி ஒருத்தி மாடியில் தையல் கடை வைத்திருக்கிறாள், காஜா எடுக்கப் பெண் தேடுகிறாள் என்று கேள்விப்பட்டேன். மறுநாளே போய் நின்றேன். மேடம் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்தார். நான் எடுத்த காஜாவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூன்று தையலைப் பிரித்துப் போட்டுத் திரும்ப எடுக்கச் சொன்னார். பிறகு, “யூ மாரா” என்றார். மரகதம் அவர் வாய்க்குள் நுழையவில்லை. அன்றிலிருந்து நான் மாரா.

அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. குட்டையான, அகலமான உடம்பு. நரைத்த கூந்தலை இறுக்கி முடிந்திருப்பார். ஊரில் ராஜாவைக் கவிழ்த்த கலகத்தில் புருஷனை இழந்து, கைக்குழந்தையோடு சீனாவுக்கு ஓடிவந்து, ஷாங்காயில் தைத்து, சிங்கப்பூரில் தைத்து, கடைசியில் கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்தவர். இதெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிய வந்தது.

முதல் வாரமே ஒன்று நடந்தது. “பை மீ இஸ் டாட்டர்” என்றார். என்கிட்ட ஒரு மகள் இருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சரி, உள்ளே தூங்குகிறாளாக்கும் என்று எழுந்து போய்த் தடுப்புத் திரையை விலக்கி எட்டிப் பார்த்தேன். துணி மூட்டைகள்தான் இருந்தன. மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, விறைப்பான காலர் வைத்த பள்ளிச் சட்டையில் நின்றிருந்தாள். பேர் நீனா. ஷாங்காயில் கன்னியாஸ்திரீகளின் விடுதியில் விட்டுவிட்டு வந்து வருஷக் கணக்காகிறதாம்.

ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிறவளை ‘என்கிட்ட’ இருக்கிறாள் என்று சொல்லும் பாஷை எப்படிப்பட்ட பாஷையாக இருக்கும்? எனக்கு அரிப்பெடுத்துவிட்டது. கற்றுக்கொடுங்கள் என்று நச்சரிக்க ஆரம்பித்தேன்.

எனக்கு என்பதற்கு ஒரு சொல்

ம்னே. இதுதான் நான் கற்ற முதல் ரஷ்யச் சொல். எனக்கு என்று அர்த்தம்.

ம்னே ஹோலத்ன என்றால் எனக்குக் குளிருது. ம்னே ஸ்கூஷ்ன என்றால் எனக்குச் சலிப்பா இருக்கு. வயசு சொல்லும்போதும் எனக்கு இருபத்திரண்டு என்பதுதான் அவர்கள் வழக்கம், நம்மைப் போல. வேலை முடிந்து கத்தரிக்கோலை உறையில் போடும்போது மேடம் ‘ம்னே பரா’ என்பார். எனக்கு நேரமாச்சு, கிளம்பணும் என்று பொருள். நாம் சொல்வதும் அதேதானே?

பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் எங்களை அடித்துச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் வேறு மாதிரி. அங்கே எல்லாவற்றுக்கும் ‘ஐ’ முன்னால் வந்து நிற்க வேண்டும். நான் குளிராக இருக்கிறேன், நான் பசியாக இருக்கிறேன், நான் வருத்தமாக இருக்கிறேன். பசியை நானே கூப்பிட்டு வரவழைத்தது போல எனக்குக் கூச்சமாக இருக்கும். மேடத்தின் பாஷையில் அந்தப் பழி கிடையாது. குளிர் தானாக வருகிறது, சலிப்பு தானாக வருகிறது, அது யாருக்கு வந்தது என்று மட்டும் சொன்னால் போதும். யார் செய்தது என்று அந்த வாக்கியத்தில் தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. அதைக் கேட்டபோது நான் துள்ளிக் குதித்தேன். எனக்குத் தூக்கம் வரலை என்பதை ‘ம்னே நெ ஸ்பீத்ஸ’ என்கிறார்கள். படுத்தாச்சு, கண்ணையும் மூடியாச்சு, நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், ஆனாலும் தூக்கம் என்பது எனக்கு நடக்கவில்லை என்ற அர்த்தம் அதில் இருக்கிறதாம். இதே அச்சில் வேலையையும் சொல்லலாம். துணியும் இருக்கிறது, ஊசியும் இருக்கிறது, எனக்கு வேலைதான் ஓடலை.

“அப்ப என்னை என்ன சொல்லுவீங்க மேடம்? எனக்கு ஒரு எடத்துல உட்காரவே வராதே?”

“ம்னே நெ சிதீத்ஸ” என்றார் உடனே. உட்காருதல் எனக்கு நடக்க மாட்டேன் என்கிறது. இருப்புக் கொள்ளலை என்று நம் வீடுகளில் தினம் பத்துத் தடவை சொல்கிறோமே, அதேதான். என் பிறவிக் குணத்துக்குப் பனி தேசத்தில் தனியாக ஒரு வாக்கியம் இருக்கிறது என்று தெரிந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாமும் நமக்குப் பொருந்திவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். குமட்டலுக்கு அவர்கள் ‘எனக்கு’ போடுவதில்லை. ஏதோ ஒன்று என்னைப் பிடித்துக் குமட்டுகிறது என்பார்கள். காய்ச்சல் நடுக்கமும் அப்படியே, என்னை நடுக்குகிறது. ஆளை அடித்துப் போடும் நோவுகளுக்கு ‘என்னை’, மனசிலும் உடம்பிலும் வந்து உட்காரும் நிலைக்கு ‘எனக்கு’ என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சரியோ தப்போ, மேடம் மறுக்கவில்லை.

வீட்டில் இதைச் சொன்னால் முத்து சிரிப்பார். “எனக்குப் பசிக்குது. இதுக்கு ரஷ்யாவுல என்ன சொல்லுவான்?”

“அவன், ‘நான் சாப்பிட வேணும்’னு சொல்லுவான்.”

“அதையே வச்சுக்க. சோத்தைப் போடு லா.”

நாலு மூலை மஞ்சள்

நான் கடையில் சேரும்வரை மேடம் மகளுக்கு ரஷ்யத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தார். சேர்ந்து சில மாதத்தில் ஷாங்காயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலக் கடிதம். மேடம் ஆங்கில அச்செழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிப்பார், கையெழுத்து என்றால் திணறிவிடுவார். என்னிடம் நீட்டினார். ‘அம்மா, உங்கள் எழுத்து எனக்கு மறந்துகொண்டே வருகிறது. இங்கே ரஷ்யம் பேச ஆள் இல்லை. இனி ஆங்கிலத்தில் எழுதினால் நல்லது’ என்று இருந்தது.

நான் வாசித்து முடித்ததும் மேடம் தையல் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். பிறகு, “மாரா, நீ எழுது” என்றார்.

அன்றிலிருந்து மூன்று வருஷம், மாதம் ஒரு கடிதம். பாதி ஓட்டை ஆங்கிலம், பாதி ரஷ்யம். அவர் துணி வெட்டும் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே சொல்வார், நான் எழுதுவேன். இந்த இடத்தில்தான் என் கைவேலையைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஆட்கள் கடிதம் எழுதும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இவ்விடம் யாவரும் சௌக்கியம், அவ்விடம் சௌக்கியத்துக்கு எழுதவும். இது இல்லாமல் கடிதமே கிடையாது. நல்ல சேதி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவோம். துக்கச் சேதிக்கு மட்டும் மஞ்சளும் கிடையாது, சௌக்கியமும் கிடையாது. சௌக்கியம் என்ற வரி இல்லாமல் ஒரு கடிதாசி வந்தால் பிரித்தவள் அங்கேயே மாரில் அடித்துக்கொண்டு விழுந்துவிடுவாள், அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மாட்டாள்.

அதனால் குவாட்டர்ஸ் பெண்கள் என்ன சொல்லி அழுதாலும் நான் எழுதுவது ஒன்றுதான். அஞ்சலை அக்கா இடுப்பு ஒடிந்து படுத்திருந்தபோது, “எனக்கு முடியலடின்னு எங்கம்மாவுக்கு எழுது” என்றாள். நான், தங்கள் ஆசியால் சௌக்கியம் என்று எழுதினேன். கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கு நோவை எழுதினால் அவர்களால் என்ன செய்ய முடியும்? வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அதை எழுதாமல் விடுவதுதான் பெரிய மனுஷத்தனம் என்று எங்களுக்குள் ஒரு எண்ணம். பள்ளிக்கூடத்திலும் இதற்கு ஒத்தாசையாக ஒரு வரி கற்றுக்கொடுத்திருந்தார்கள். நான் நன்றாயிருக்கிறேன், இக்கடிதம் உங்களையும் அவ்வாறே காணும் என நம்புகிறேன். ஆங்கிலத்தில் இதை எழுதும்போது எனக்குக் கை நிற்கவே நிற்காது.

மேடம் சொல்வார்: “நீனா, எனக்கு இன்றைக்கு வேலை ஓடலை.” நான் எழுதுவேன்: நான் நன்றாயிருக்கிறேன், கடையில் வேலை நிறைய. மேடம் சொல்வார்: “எனக்குக் கனமா இருக்கு.” நான் எழுதுவேன்: இங்கே மழைக்காலம்.

ஒவ்வொரு கடிதத்தையும் அவர் ஒரே வரியில்தான் முடிப்பார். ம்னே திபியா நெ ஹ்வதாயெத். என்ன அர்த்தம் என்று முதல் தடவை கேட்டேன். விளக்கத் திணறினார். ஒரு கவுனுக்கு அளவு வைத்திருந்த துணியை இழுத்துப் பார்த்து, இரண்டு ஜாண் குறைகிறது என்று காட்டினார். பத்தலை. எனக்கு நீ பத்தலை. உன்னை எனக்குத் தேடுது என்று நாம் சொல்வோமே, அது. நான் அதற்கு, ‘மிகுந்த அன்புடன், அம்மா’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

பொய் எழுதுகிறோம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. மரியாதையாக எழுதுகிறோம் என்றுதான் நினைத்தேன்.

மாதக் கடைசிக் கப்பல்

அந்தத் துரைசானி சிரித்துவிட்டுப் போன நாளுக்குப் பிறகு மேடத்தின் உடம்பு தேறவேயில்லை. காய்ச்சல் விட்டது, மூச்சு வாங்குவது நிற்கவில்லை. கால் வீங்கிச் செருப்பில் நுழைய மறுத்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும் என்று துணி மூட்டைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டே இருந்தார். இருதயம் களைத்துவிட்டது, ஜாக்கிரதை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று மேஜையைச் சுற்றி நடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கடிதம் சொன்னார். “நீனா, எனக்குப் படுக்க முடியலை. மூச்சு பத்தலை. எனக்கு உன்னைப் பார்க்கணும். வர முடிந்தால் வா.”

இதைக்கூட மறைத்துவிட்டாயா என்று கேட்பீர்கள். முழுக்க மறைக்கவில்லை. நான் நன்றாயிருக்கிறேன் என்று தொடங்கினேன். கொஞ்சம் சளித் தொந்தரவு என்று போட்டேன். உனக்கு வசதிப்படும்போது வந்தால் மகிழ்வேன் என்று முடித்தேன். தபால் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. ஓடிப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணை எதற்காகப் பதற வைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் கெட்டிக்காரியாம்!

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் மேடத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கடையைப் பூட்டிவிட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். பார்வையாளர் நேரம் தொடங்கி, வார்டில் ஒரே சளசளப்பு. கட்டிலருகே நின்று உரக்க வாசித்தேன்.

‘அன்புள்ள அம்மா, எப்போதும் போல் நீங்கள் நன்றாயிருப்பதில் மகிழ்ச்சி. இந்த மாதக் கடைசிக் கப்பலில் நம் சிஸ்டர்கள் இரண்டு பேர் சிங்கப்பூர் வருகிறார்கள். என்னையும் கூட்டிப் போவதாகச் சொன்னார்கள். உங்களுக்குச் சளி மட்டும்தானே, அவசரமில்லை என்பதால் அடுத்த வருஷம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்...’

அதோடு கடிதத்தை மடித்தேன். மேடம் என் கையைத் தொட்டார்.

“மாரா. படி.”

“படிச்சேனே மேடம்.”

“நன்றாயிருக்கேன்னு நான் எப்ப சொன்னேன்?”

எங்களில் அப்படித்தான் எழுதுவோம் என்றேன். சௌக்கியம் என்று போடாவிட்டால் சாவுக் கடிதாசி என்றேன். பிள்ளைக்கு நோவு எழுதக் கூடாது என்றேன். மஞ்சளைப் பற்றிக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அழுதுகொண்டே என்னென்னமோ உளறினேன்.

“எல்லாக் கடிதத்திலயுமா?”

ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, “ம்னே ஃப்ஸ்யோ ரவ்னோ” என்றார். எனக்கு எல்லாம் ஒண்ணுதான். இனி எது நடந்தாலும் சரி என்று விட்டுவிடுகிறவர்கள் சொல்வது. அதற்கும் நம் வாக்கியம்தான், சொல்லுக்குச் சொல். அன்றைக்கு அந்தப் பொருத்தத்தைக் கண்டு நான் துள்ளவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

தந்தி

அன்றே தந்தி ஆபீசுக்கு ஓடினேன். மாதக் கடைசிக்கு ஆறு நாள்தான் இருந்தது. கப்பல் கிளம்பிவிட்டால் எல்லாம் முடிந்தது.

கவுண்டரில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், “என்ன பிள்ளை, ஆர் தவறினது?” என்று கேட்டார். எங்கள் ஆட்கள் தந்தி ஆபீஸ் படி ஏறினால் சாவுக்குத்தான்.

“யாரும் சாகலைங்க. சாகறதுக்கு முந்தி ஒருத்தி வரணும்.”

“அப்ப, அம்மா கவலைக்கிடம் உடனே புறப்படு எண்டு போடுவம். எல்லாரும் அதுதான் போடுறவை.”

“வேணாங்கய்யா. எல்லாரும் போடறதைப் போட்டுத்தான் நான் கெடுத்துட்டேன்.”

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் படிவத்தை இழுத்து, மேடம் வாயிலிருந்து வந்ததை வந்தபடியே எழுதினேன். அம்மாவுக்குப் படுக்க முடியவில்லை. மூச்சுப் போதவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். சிஸ்டர்களோடு கப்பல் ஏறு. ஐயா ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு வாசித்தார்.

“உப்பிடி உடைச்சுச் சொன்னால் பிள்ளை பயந்து போயிடுமெல்லே?”

“பயப்படட்டும்” என்றேன்.

பதில் தந்தி வரவில்லை. போய்ச் சேர்ந்ததா, ஏறினாளா, ஒன்றும் தெரியாது. அடுத்த இரண்டரை வாரம் நான் இருந்த இருப்பைக் கேட்காதீர்கள். உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்தேன். காஜாவைப் பொத்தானுக்குப் பெரிதாக வெட்டினேன். தினமும் மேடத்துக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வாங்கிக் குடிப்பார், பேச மாட்டார். பேசினாலும் ரஷ்யம் மட்டும்தான் வந்தது. மறுபடி வந்த காய்ச்சலில் ஆங்கிலம் அவரை விட்டுப் போய்விட்டிருந்தது. தந்தி அடித்ததைச் சொன்னபோது ஒரு தடவை என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

சிங்கப்பூரிலிருந்து வரும் சின்னக் கப்பல்கள் போர்ட் சுவெட்டன்ஹாமில் ஆள் இறக்கும். அங்கிருந்து கிள்ளான் லயன் வண்டி. “வெள்ளைப் புள்ளை எவளாச்சும் எறங்கினா கேளுங்க” என்று வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் முத்து கரி முகத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கிறார். பின்னால் தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்ட ஒரு நெட்டைப் பெண்.

“யாருன்னு எப்படித் தெரிஞ்சுச்சு?” என்றேன்.

“தெரியல. எஞ்சின்ல நின்னுக்கிட்டு வேரா வேரான்னு கத்தினேன். இது மட்டும் திரும்பிப் பார்த்துச்சு.”

பெண்கள் வார்டில்

நீனாவுக்குப் பதினேழு வயது. சிஸ்டர்கள் வளர்த்த பெண் என்று நடையிலேயே தெரிந்தது. கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, கையுறையைக் கழற்றாமல், “குட் ஆஃப்டர்நூன், மம்மா” என்றாள். அவளிடம் மிச்சமிருந்த ரஷ்யம் அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான்.

மேடம் கண்ணைத் திறந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மூச்சைத் திரட்டி, “நீனா, ம்னே ஸ்த்ராஷ்ன” என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “என்ன சொல்கிறார்?”

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதுகூட என் வாய் பழைய பாதையில்தான் போகப் பார்த்தது. உன்னைக் கண்டதில் சந்தோஷம் என்கிறார் என்று ஒரு வரி நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

“அவங்களுக்குப் பயமா இருக்காம்” என்றேன்.

“அம்மாவுக்கா?” அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அம்மாவுக்கு எதுவுமே ஆகாதே. மூன்று வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் நன்றாயிருக்கிறேன், நன்றாயிருக்கிறேன். நான் இல்லாமலே நன்றாயிருக்கிறார் என்றுதான்... அந்த விடுதியில் நான் பட்ட பாட்டை ஒரு வரி எழுதவில்லை. எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.”

“அதை அவங்க சொல்லலை. நான் எழுதினேன்.”

“என்ன?”

“நன்றாயிருக்கேன்னு ஒரு தடவைகூட உங்கம்மா சொன்னதில்லை. அத்தனையும் நானா எழுதினது.”

அவளுக்கு வந்த கோபம் சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்தது இல்லை. “யார் நீ?” என்றாள். பக்கத்துக் கட்டில்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். “என் அம்மா வாயில் உன் பேச்சை வைக்க நீ யார்?”

அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. கடைசியில் கையுறையைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள்.

“அவர் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா?”

“எல்லாம் இருக்கு.”

“சொல். ஒன்று விடாமல் சொல்.”

அங்கேயே, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் கடிதம், ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி அவள் கேட்டதற்கு மேடம் சொன்ன பதில். அதில் பாதியை அன்று நான் ‘உன் கடிதம் கிடைத்தது’ என்ற ஒரு வரியில் முடித்திருந்தேன். இப்போது முழுவதையும் சொன்னேன்.

“நீனா, உனக்கு என் எழுத்து மறந்தது போல எனக்கு உன் குரல் மறந்து வருது. முகம் இருக்கு, சுவர்ல மாட்டி வச்சிருக்கேன். குரலை மாட்டி வைக்க முடியலை. நீ எந்தப் பாஷையில வேணும்னாலும் எழுது. எனக்கு அதைக் கேட்கத்தான் முடியாது.”

மேடத்துக்கு நான் பேசிய ஆங்கிலம் புரிந்திருக்காது. ஆனாலும் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இரண்டாவது கடிதத்துக்குப் போகவில்லை. நீனா ஷூவோடு கட்டிலில் ஏறிவிட்டாள். மூட்டைபோல் அடுக்கியிருந்த தலையணைகளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் புகுந்து, அவர் காதில் வாயை வைத்துப் பேச ஆரம்பித்தாள். விடுதியைப் பற்றி, குளிர்ந்த தண்ணீரில் குளிக்க வைத்ததைப் பற்றி, கப்பலில் வாந்தி எடுத்ததைப் பற்றி, எல்லாம் ஆங்கிலத்தில், அழுகையும் மூக்குறிஞ்சலுமாக. ஒரு வார்த்தைகூட மேடத்துக்கு விளங்கியிருக்காது. மொழிபெயர்க்கட்டுமா என்று நான் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தேன்.

மேடம் என்னைக் கையால் தடுத்தார். பிறகு அதே கையால் மகளின் முதுகைத் தட்டி, பேசு, பேசு என்று காட்டிக்கொண்டே இருந்தார்.